சமீபத்தில் என்றால் எப்போது?

 

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், ரீசன்ட்லி, லேட்லி ரெண்டுக்கும் சமீபத்தில்னுதான் அகராதியில போட்டிருக்கு. அப்ப எதை வேணும்னாலும் எழுதலாமா?" கேட்டவர் இப்போது தன் மகளுக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார். எழுதக் கூடாது என்று குழுவில் இரண்டு வரியில் பதில் போட்டேன். ஆனால் விஷயம் இரண்டு வரியில் அடங்குவதில்லை. இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் உண்டு. அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு பள்ளிக்கூடத்துக்குள் வந்து, சுண்ணாம்புக்கட்டியோடு முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவள். அதனால் பண்டிதர் மாதிரி எழுத வராது. வகுப்பில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது மட்டும் தெரியும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீசன்ட்லி என்பது நல்ல சொல், ஆனால் சோம்பேறிச் சொல். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்வது பாதிப் பாடம். அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று தெரிந்துகொள்வது மீதிப் பாடம். நம் பள்ளிகளில் முதல் பாதியையே அரைகுறையாகத்தான் நடத்துகிறோம். இரண்டாவது பாதியை யாரும் நடத்துவதே இல்லை.

முதலில் வேர்ச்சொல்.

ரீசன்ட் என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் புதியது, வாடாதது என்று பொருள். காலையில் பறித்து வந்த கீரைக்கட்டு மாதிரி. ஆங்கிலேயர் மனத்தில் ரீசன்ட்லி என்றால் இன்னும் வாடாமல் இருக்கிற செய்தி.

நம் சமீபம் வேறு வழியாக வந்தது. அது வடமொழிச் சொல், பொருள் அருகில் என்பது. 'கோயிலுக்குச் சமீபத்தில் வீடு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அண்மை என்பது நல்ல தமிழ். அதற்கும் பக்கம், கிட்ட என்றுதான் பொருள். ஆறாம் வகுப்பில் சுட்டெழுத்து படித்தது ஞாபகம் இருக்கிறதா? இவன், இது, இங்கே என்று வரும் இகரம் அண்மைச் சுட்டு. அவன், அது, அங்கே என்று வரும் அகரம் சேய்மைச் சுட்டு. அதே அண்மைதான் அண்மையில் என்று காலத்துக்கும் வருகிறது. அவர்கள் காய்கறியை வைத்துக் காலத்தை அளந்தார்கள், நாம் தூரத்தை வைத்து அளந்தோம். இரண்டிலும் கடிகாரம் கிடையாது, நாட்காட்டி கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி இலக்கணம்.

ரீசன்ட்லிக்கும் லேட்லிக்கும் உள்ள வித்தியாசம் தமிழிலேயே இருக்கிறது. அகராதியில் ஒரே அர்த்தத்தைப் படித்து மனப்பாடம் செய்வதால்தான் அது கண்ணில் படுவதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

சமீபத்தில் அண்ணன் வீடு வாங்கினார்.
கொஞ்ச நாளாகவே எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் வாக்கியத்தில் ஒரு காரியம் ஒரு தடவை நடந்தது, முடிந்தது. பத்திரம் பதிந்தாயிற்று. அங்கே 'இல்' வருகிறது. இரண்டாவது வாக்கியத்தில் ஒரு நிலைமை சில நாளாகத் தொடர்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. அங்கே 'ஆக' வருகிறது. ரீசன்ட்லி இரண்டு இடத்திலும் வரலாம். லேட்லி பெரும்பாலும் 'ஆக' போட வேண்டிய இடத்தில்தான் வரும்.

மை பிரதர் ஹேஸ் ரீசன்ட்லி பாட் எ ஹவுஸ். இது சரி.
ஐ ஹேவன்ட் பீன் ஸ்லீப்பிங் வெல் லேட்லி. இதுவும் சரி.
மை பிரதர் ஹேஸ் லேட்லி பாட் எ ஹவுஸ். இது காதுக்கு இடிக்கும். அண்ணன் கொஞ்ச நாளாகவே ஒரு வீட்டை வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது மாதிரி!

ஆகவே மகளுக்குச் சொல்லித்தரும் அம்மாவுக்கு என் சிபாரிசு இது. முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 'சமீபத்தில்' என்று வந்தால் ரீசன்ட்லி. 'சமீப காலமாக', 'கொஞ்ச நாளாக' என்று வந்தால் லேட்லி. பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். ஆங்கிலம் கற்கத் தமிழை மறக்க வேண்டும் என்பவர்களை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தமிழை ஒழுங்காகக் கவனித்தால் ஆங்கில இலக்கணத்தில் பாதி தானாகத் திறக்கும்.

அடுத்தது, லேட் வேறு, லேட்லி வேறு. ஹீ கேம் லேட் என்றால் தாமதமாக வந்தான். ஹீ கேம் லேட்லி என்று எழுதினால் தாமதமும் கிடையாது, சமீபமும் கிடையாது. குவிக், ஸ்லோ போன்ற சொற்களோடு லி சேர்த்து வினையுரிச்சொல் ஆக்கலாம் என்று படித்த பிள்ளைகள், லேட்டுக்கும் ஒரு லி ஒட்டிவிடுவார்கள். அப்படி எழுதினால் மனத்தில் நியாயம் இருக்கிறது, விடைத்தாளில் மதிப்பெண் இருக்காது. பெயருக்கு முன்னால் தி லேட் என்று போட்டால் மறைந்த என்று பொருள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பள்ளிக்குத் தாமதமாக வந்த பிள்ளையை அமரர் ஆக்கிவிடக் கூடாது.

மூன்றாவது, காலம். இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதற்குக் காரணமும் தமிழ்தான்.

தமிழில் 'வந்தார்' என்றும் சொல்வோம், 'வந்திருக்கிறார்' என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் ஹீ கேம், ஹீ ஹேஸ் கம். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம். தமிழில் 'போன வருஷம் டெல்லி போயிருக்கேன்' என்று தாராளமாகச் சொல்லலாம். 'நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்று ஈரத்தரையைப் பார்த்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது ஆகாது. நேற்று, போன வருஷம், 2019 என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஹேவ், ஹேஸ் வரக் கூடாது. ஐ வென்ட் டு டெல்லி லாஸ்ட் இயர், அவ்வளவுதான். ஆனால் நம் பிள்ளை 'போயிருக்கேன்' என்பதை அப்படியே கொண்டுபோய் ஐ ஹேவ் கான் டு டெல்லி லாஸ்ட் இயர் என்று எழுதும். இது முட்டாள்தனம் இல்லை, தாய்மொழி செய்கிற வேலை. ஏன் தப்பு என்று சொல்லாமல் சிவப்பு மையால் சுழித்தால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அப்படித்தான் எழுதும்.

ரீசன்ட்லியின் சௌகரியம் இங்கேதான் தெரியும். அது எந்த நாள் என்று சொல்லாத சொல். அதனால் இரண்டு காலத்தோடும் ஒத்துப்போகும். ஐ ரீசன்ட்லி மெட் ஹெர் என்றாலும் சரி, ஐ ஹேவ் ரீசன்ட்லி மெட் ஹெர் என்றாலும் சரி. பிரிட்டிஷ்காரர்கள் ஹேவ் போடுவதை விரும்புவார்கள், அமெரிக்கர்கள் பல சமயம் அதை விட்டுவிடுவார்கள். ஜஸ்ட் என்ற சொல்லுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் இருக்கும் நம் பேரப்பிள்ளைகள் ஐ ஜஸ்ட் ஏட் என்றால் தாத்தாமார் திருத்தப் போகாதீர்கள். அங்கே அது சரி.

நிகழ்காலத்தோடு மட்டும் ரீசன்ட்லியைச் சேர்க்காதீர்கள். ரீசன்ட்லி ஐ ஆம் ஸ்டேயிங் இன் சென்னை என்று நம்மவர்கள் நேர்முகத் தேர்வில் சொல்கிறார்கள். இப்போது சென்னையில் இருக்கிறேன் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. அதற்கு தீஸ் டேஸ் என்றோ நவ் என்றோ சொன்னால் போதும். சமீபத்தில் சென்னைக்குக் குடிவந்தேன் என்றால் ஐ ரீசன்ட்லி மூவ்டு டு சென்னை.

கடைசியாக அன்டில் ரீசன்ட்லி என்று ஒன்று உண்டு. ஷி வொர்க்டு ஹியர் அன்டில் ரீசன்ட்லி. இதைக் கேட்டவுடன் அவர் இங்கே வேலை செய்கிறார் என்று எடுத்துக்கொண்டு வரவேற்பறையில் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த வாக்கியம் சொல்வது, அவர் இப்போது இங்கே இல்லை என்பதை. சமீப காலம் வரை இருந்தார், அப்புறம் போய்விட்டார். போட்டித் தேர்வுகளில் படித்துப் பொருள் உணரும் பகுதியில் இந்த மாதிரிச் சின்னச் சொல்லில்தான் கொக்கி வைப்பார்கள்.

இலக்கணம் போதும். இனி என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

சமீபம் என்றால் எவ்வளவு நாள்? பத்து நாளா, ஆறு மாதமா, பத்து வருஷமா?

யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. சமீபத்தில் எடுத்த புகைப்படம் என்று விண்ணப்பங்களில் கேட்கிறார்கள் அல்லவா? அமெரிக்க விசாவுக்கு அது கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். புவியியல்காரர்களைக் கேட்டால் தலை சுற்றும். 1830களில் சார்லஸ் லயல் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் பூமியின் வரலாற்றைப் பகுத்தபோது கடைசிக் கட்டத்துக்கு ரீசன்ட் என்றே பெயர் வைத்தார். அதைத்தான் இன்றைக்கு ஹோலோசீன் என்கிறார்கள். அந்தச் சமீபம் தொடங்கி ஏறக்குறைய 11,700 ஆண்டுகள் ஆகின்றன! அதையும் மூன்றாகப் பிரித்து, கடைசிப் பகுதிக்கு 2018ல் நம் மேகாலயாவின் பெயரை வைத்தார்கள். அங்குள்ள ஒரு குகையின் கல்படிவத்தை ஆராய்ந்து கண்டது. அந்தக் கடைசிப் பகுதிக்கே 4,200 வயது.

வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். என் பாட்டி தனுஷ்கோடிப் புயலைப் பற்றிப் பேசினால் போன மாதம் அடித்த காற்று மாதிரி பேசுவார். அந்தப் புயல் அடித்தது 1964 டிசம்பரில். என் பேத்திக்கோ போன வாரம் வந்த படம் பழைய படம். ஒரே சொல், ஆளுக்கு ஒரு அளவு.

காலத்தைச் சொல்லும் சொற்கள் நாளாக நாளாக இளகிப்போகும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே சாட்சி இருக்கிறது. சூன் என்றால் பழைய ஆங்கிலத்தில் உடனே என்று பொருள். இன்றைக்கு அது சீக்கிரம் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பிரசன்ட்லி என்பதும் ஒரு காலத்தில் உடனே என்றுதான் இருந்தது, பிறகு சற்று நேரத்தில் என்று ஆனது. ஏன் அப்படி? மனுஷ சுபாவம்தான். உடனே என்று சொல்லிவிட்டு உடனே செய்யாதவர்கள் ஊர் முழுக்க இருந்தால் சொல் என்ன செய்யும், பாவம். நம் 'இதோ வந்துட்டேன்' கதையும் அதுதானே? கல்யாண வீட்டில் மேளக்காரர் தொலைபேசியில் 'இதோ வந்துட்டோம்' என்றால் அவர் இன்னும் ஊரை விட்டே கிளம்பவில்லை என்று பெண்வீட்டாருக்குத் தெரியும்.

இந்த இளக்கம் பல இடத்தில் நல்லதுதான், மறுக்கவில்லை. துக்க வீட்டில் போய் 'சமீபத்தில்தானே பார்த்தேன்' என்கிறோம். எந்தத் தேதி என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. கடிதத்தில், பேச்சில், கதையில் சமீபத்தில் வந்து உட்காரட்டும். பேச்சு என்றால் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் நான்கு இடங்களில் இந்தச் சொல் வாயிலும் வரக் கூடாது, எழுத்திலும் வரக் கூடாது என்பது என் கட்சி.

முதல் இடம் ஆஸ்பத்திரி. பக்கவாதம் என்று வந்தால் டாக்டர் முதலில் கேட்பது, 'கடைசியா எப்போ நல்லா இருந்தார்?' என்பதுதான். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு அடைப்பைக் கரைக்கிற ஊசி உண்டு. அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. 'இப்பத்தான் சார், கொஞ்ச நேரம் முந்திதான்' என்றால் டாக்டர் அதை வைத்து என்ன செய்வார்? எங்கள் வீட்டில் என் கொழுந்தனாருக்கு அப்படி ஆனபோது கூடியிருந்த பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் காலையில் என்றார், ஒருவர் இப்பத்தான் என்றார். பன்னிரண்டாவது படிக்கிற அவர் மகள்தான், "ஏழு மணி செய்தி முடியிறப்போ அப்பா எங்கிட்ட காபி டம்ளரைக் கொடுத்தார், கை நல்லா இருந்துச்சு" என்றாள். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர் இன்றைக்கு நடமாடுகிறார், வீட்டு வாசலில் கோலமாவு டப்பாவைக் கூட எடுத்துக் கொடுக்கிறார். பெரியவர்கள் அத்தனை பேருடைய அனுபவமும் செய்யாத வேலையை ஒரு சின்னப் பெண்ணின் ஒற்றை வாக்கியம் செய்தது.

ரத்ததானமும் அப்படியே. நம் மாணவர்கள் பலர் ரத்தம் கொடுப்பவர்கள், எனக்குப் பெருமை. நம் நாட்டு விதிப்படி ஆண்கள் ஒரு முறை கொடுத்துவிட்டு 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். 'சமீபத்தில் கொடுத்தீங்களா?' என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டாதீர்கள். கடைசியாகக் கொடுத்த தேதியைச் சொல்லுங்கள்.

இரண்டாவது இடம் மனு. சட்டத்துக்குக் காதும் கிடையாது, யூகமும் கிடையாது. எண்ணத்தான் தெரியும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனு கொடுத்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது? 'சமீபத்தில் தங்கள் அலுவலகத்தில் மனு அளித்திருந்தேன்' என்று எழுதினால் எண்ண ஆரம்பிக்க இடமே இல்லை. ஊரில் எனக்குத் தெரிந்த பலர் தங்கள் மனுவைத் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவருவார்கள். எழுத்துப் பிழையை நான் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் சமீபத்தில் என்ற சொல்லைத் தேடி அடித்துவிட்டுத் தேதி போடச் சொல்வேன். 'தேதி ஞாபகம் இல்லையே டீச்சர்' என்பார்கள். ஒப்புகைச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். தேதியைத் தேடப் போகும்போதுதான் பாதிப் பேருக்குத் தங்கள் வழக்கே விளங்கும்.

மூன்றாவது இடம் வங்கிக் கணக்கு. இது என் வயதுக்காரர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் முக்கியம். உங்கள் தவறு எதுவும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், வேறு எங்கோ நடந்த மோசடியால் மின்னணு முறையில் பணம் போனால், தகவல் வந்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம் என்று ரிசர்வ் வங்கி 2017ல் உத்தரவு போட்டிருக்கிறது. தாமதமாகச் சொன்னால் இழப்பில் உங்கள் பங்கு ஏறும். 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். 'சமீபத்துல என் கணக்குல பணம் போயிருக்கு' என்று பேரனிடம் தீபாவளிக்குச் சொல்வதில் பயன் இல்லை. எந்த நாள், எத்தனை மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது, எவ்வளவு பணம், இந்த மூன்றும்தான் பேசும்.

நான்காவது இடம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. வாட்ஸ்அப்.

'சமீபத்தில் நடந்த சம்பவம், உடனே எல்லாருக்கும் பகிரவும்.' நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் வாரம் ஒரு தடவையாவது இந்த மாதிரி வருகிறது. எந்த ஊர் என்று இருக்காது, என்றைக்கு என்று இருக்காது. சமீபத்தில் என்று மட்டும் இருக்கும். அந்தச் சொல் இருப்பதால் அந்தச் செய்திக்குச் சாவே கிடையாது. இன்றைக்குப் படித்தாலும் சமீபம், அடுத்த வருஷம் படித்தாலும் சமீபம். தேதி போட்ட செய்தி தானாகப் பழசாகும். சமீபத்தில் என்று போட்ட செய்தி என்றும் பதினாறு, மார்க்கண்டேயன் மாதிரி.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. 2018ல் நடந்ததை மறந்துவிட்டீர்களா? குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று நாடு முழுக்க வீடியோக்கள் ஓடின. அதில் அதிகம் பரவிய ஒன்று, பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். அது 2016லேயே எடுத்தது. கடத்திய குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். ஊர் மாறியது, நாடு மாறியது, வருஷம் மாறியது. 'சமீபத்தில் நம் பக்கத்து ஊரில்' என்று ஆனது. அந்த ஆண்டு மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த 65 வயது அம்மா ஒருவர், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக ஊர்கூடி அடித்துக் கொல்லப்பட்டார். என் வயதை ஒத்த பெண். நானும் தெருவில் பிள்ளைகளைக் கண்டால் மிட்டாய் கொடுக்கிறவள்தான். நம் ஊரில் மிட்டாய் கொடுக்காத பாட்டி யார்?

அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. வந்த செய்தியை அப்படியே அனுப்பினால் அதற்கு ஒரு அடையாளமும் போட ஆரம்பித்தது. நல்லதுதான். ஆனால் கைபேசி நிறுவனமோ செயலி நிறுவனமோ நமக்குப் படிக்கச் சொல்லித்தர மாட்டார்கள். எந்த ஊர், என்றைக்கு என்று கேட்பது செயலியின் வேலை இல்லை, படித்தவர்களின் வேலை. அந்தக் கூட்டத்திலும் பள்ளிக்கூடம் போனவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குச் சமீபத்தில் என்ற சொல்லின் அர்த்தம் தெரிந்திருக்கும். அது எதையும் நிரூபிக்காத சொல் என்பதை யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால்?

'டீச்சர், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறீர்களே, கெட்ட எண்ணம் உள்ளவன் பொய்த் தேதி போட மாட்டானா?' என்று கேட்பீர்கள். போடுவான். ஆனால் பொய்த் தேதியைச் சரிபார்க்கலாம். அந்தத் தேதி நாளிதழை எடுத்துப் பார்க்கலாம், அந்த ஊரில் இருக்கிற ஒரு சொந்தக்காரரிடம் கேட்கலாம். தேதி போட்டவன் மாட்டிக்கொள்ளவும் வழி செய்துவிடுகிறான். சமீபத்தில் என்று போட்டவன் மாட்ட வழியே இல்லை. உண்மை எழுதுபவருக்குத் தேதி போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இன்னொரு ஆட்சேபமும் வரும். 'பத்திரிகைகளே அப்படித்தானே எழுதுகின்றன?' ஆமாம், எழுதுகின்றன. நாளிதழின் தலைப்பிலாவது அன்றைய தேதி அச்சாகி இருக்கும். அந்தத் தேதியைக் கொண்டு சமீபத்தை அளந்துகொள்ளலாம். அதே வரியைக் கத்தரித்துக் கைபேசியில் அனுப்பும்போது தேதி கழன்று விழுந்துவிடுகிறது, சமீபத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நாளிதழ் வெட்டை அனுப்புகிறவர்கள் மேலே இருக்கும் தேதியையும் சேர்த்து வெட்டுங்கள். அவ்வளவு செய்தால் போதும்.

அதனால் இன்றைக்குப் பள்ளியில் இருக்கிற ஆசிரியர்களுக்கு, நம் மாணவர்களிலேயே ஏழெட்டுப் பேர் ஆசிரியர்கள், என் வேண்டுகோள் இது. ரீசன்ட்லி என்ற சொல்லை நடத்தும் அன்று, சமீபத்தில் என்று அர்த்தம் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் கூட எடுத்துக்கொண்டு, 'இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் உங்களுக்கு என்ன கேள்வி வர வேண்டும்?' என்று கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை எழுந்து 'எப்போ டீச்சர்?' என்று கேட்கும். அந்தப் பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்விதான் பாடம்.

சரி, பாடம் முடிந்தது. டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? சொந்தக்காரர்களுக்கும் உண்டு, தப்பிக்க முடியாது.

ஒன்று: கீழே உள்ள மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'சமீபத்தில் தங்கைக்கு வேலை கிடைத்தது.' 'கொஞ்ச நாளாகவே அப்பா பேசுவதில்லை.' 'போன வெள்ளிக்கிழமை மாமா வந்திருக்கிறார்.' மூன்றாவதில் ஜாக்கிரதை.

இரண்டு: உங்கள் வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரை, கடைசியாகப் பார்த்த பரிசோதனை, கடைசியாக ஊசி போட்டது, எல்லாவற்றுக்கும் தேதி எழுதி மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாளில் வையுங்கள். இதற்கு இன்றைக்கு ராத்திரி வரைக்கும்தான் அவகாசம்.

மூன்று: குடும்பக் குழுவில் அடுத்த தடவை 'சமீபத்தில் நடந்த சம்பவம்' வந்தால் சண்டை போடாதீர்கள். அனுப்பியவர் உங்கள் அத்தையாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார், நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். மரியாதையாக ஒரே ஒரு வரி கேளுங்கள்: 'பெரியப்பா, இது என்னைக்கு நடந்தது, எந்த ஊர்ல?' பதில் வரும்வரை மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

விடைகளைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வழக்கம்போல் திருத்தி மதிப்பெண் போடுவேன். பழைய மாணவர் என்று சலுகை கிடையாது.

எல்லாரும் நன்றாக இருங்கள். வெயில் நேரத்தில் மோர் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
(உறவுகளுக்குப் பெரியம்மா, சித்தி, அண்ணி, அவரவர் முறைப்படி)